லாம்டா தந்த மேதை அலோன்சோ சர்ச்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது அண்ணே என்று சொல்லி நழுவப் பார்த்தேன். வாழ்க்கை வரலாறாவது எழுது என்று விடாமல் பிடித்துக்கொண்டார். காமராசர், அப்துல் கலாம், கணித மேதை ராமானுஜன் ஆகியோரைப் பற்றி எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டர் படிக்கிற எல்லா நாட்டிலும் பெயர் தெரிந்த, ஆனால் நம் மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் அவ்வளவாகக் கேள்விப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர்தான் அலோன்சோ சர்ச். இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கதை கொஞ்சம்

நான் கப்பலூர்க்காரன். அப்பா சிட்கோ தொழிற்பேட்டையில் லோடுமேன். அம்மா பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோ கம்ப்யூட்டரில் இடம் கிடைத்த அன்றைக்கு அப்பா டோல்கேட் பக்கத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்ட எனக்கு நாலாவது செமஸ்டரில் பைத்தான் செய்முறைத் தேர்வில் அரியர் விழுந்தது. கேள்வி இதுதான்: மாணவர் பட்டியலை இனிஷியலை விட்டுவிட்டுப் பெயர்ப்படி வரிசைப்படுத்து. நமக்கு இனிஷியல் முன்னால் வரும் அல்லவா? அ. வெங்கடேஷ், மு. செல்வம் என்று இரண்டு பெயர் இருந்தால் கம்ப்யூட்டர் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து வெங்கடேஷை முதலில் போட்டுவிடும். செல்வம்தான் முதலில் வர வேண்டும். இதற்கு லாம்டா என்று ஒரு வரி எழுதுவோம். ஒவ்வொரு பெயரையும் புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டி, இரண்டாவது துண்டை எடுத்து ஒப்பிடு என்று அந்த வரி சொல்லும். ரெக்கார்டு நோட்டில் இருந்ததை அப்படியே மனப்பாடம் பண்ணிப் போயிருந்தேன்.

அன்றைக்கு வந்த பட்டியலில் இரண்டு இனிஷியல் உள்ள பெயர்களும் இருந்தன. அவற்றில் இரண்டாவது துண்டு பெயர் அல்ல, இன்னொரு இனிஷியல்! விடை தப்பாக வந்தது. கடைசித் துண்டை எடு என்று மாற்றினால் போதும். பைத்தானில் கழித்தல் ஒன்று என்று எண் கொடுத்தால் கடைசித் துண்டு கிடைத்துவிடும். ஆனால் அந்த வரியில் எது என்ன செய்கிறது என்றே எனக்குத் தெரியாது. லாம்டா என்றால் என்ன என்று கேட்டதற்கும் வாயே திறக்கவில்லை.

ரிசல்ட்டை வீட்டில் சொல்லவில்லை. லீவில் அப்பாவோடு லோடு ஏற்றப் போனேன். பதினைந்து நாள் கூலி கையில் வந்ததும், படிப்பை விட்டுவிட்டு இப்படியே இருந்துவிடலாம் என்று தோணுச்சு. கல்லூரி திறந்தும் நான் வராததால் எங்கள் துறை மேடம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். திட்டுவார்கள் என்று பயந்து போனேன். திட்டவில்லை. லாம்டாவைக் கண்டுபிடித்தவருக்கே ஒரு பெரிய அரியர் விழுந்தது தெரியுமா என்று ஆரம்பித்து அவருடைய வாழ்க்கையைச் சொன்னார்கள். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பிறப்பும் இளமையும்

அலோன்சோ சர்ச் 1903ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் சர்ச் அங்கே நீதிபதியாக இருந்தவர். நீதிபதி மகனுக்கு என்ன குறை என்று நினைக்கலாம். ஆனால் தந்தைக்குக் கண் பார்வையும் காது கேட்பதும் குறைந்துகொண்டே போய், வேலையை விட வேண்டியதாயிற்று. குடும்பம் வர்ஜீனியா மாநிலத்தின் கிராமப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. உறவினர் ஒருவர், அதாவது சர்ச்சின் பெரியப்பா முறையோ சித்தப்பா முறையோ உள்ளவர், பண உதவி செய்ததால்தான் கனெக்டிகட் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த பள்ளியில் படிக்க முடிந்தது. 1920இல் பள்ளிப் படிப்பை முடித்தார்.

பள்ளிப் பருவத்தில் ஏர்கன் விபத்து ஒன்றில் அவருக்கு ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. ஆனாலும் மனம் தளரவில்லை. புகழ் பெற்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1924இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டிலேயே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையும் அச்சில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 21.

அவருடைய திருமணமே ஒரு விபத்தில் தொடங்கியது என்று சொல்லுவார்கள். சாலையைக் கடக்கும்போது பார்வை இல்லாத பக்கமாக வந்த டிராம் வண்டி மோதி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அங்கே நர்ஸ் பயிற்சியில் இருந்த மேரி என்ற பெண்ணைச் சந்தித்தார். 1925இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள்.

1927இல் ஆஸ்வால்டு வெப்லன் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு இரண்டு ஆண்டுகள் உதவித்தொகையில் ஹார்வர்டு, ஜெர்மனியின் கோட்டிங்கன், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் என்று போய்ப் படித்துவிட்டு, 1929இல் பிரின்ஸ்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1967 வரை 38 ஆண்டுகள் அங்கேதான் பணி.

கரும்பலகை துடைக்கும் பேராசிரியர்

அவரிடம் படித்தவர்கள் மறக்காமல் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. வகுப்புக்கு வந்ததும் முதலில் கரும்பலகையைத் துடைப்பாராம். நாம் டஸ்டரால் இரண்டு தட்டுத் தட்டுவது போல அல்ல. ஒரு புள்ளி சாக்பீஸ் தூள்கூட இல்லாமல், சில நாள் தண்ணீர் விட்டே கழுவி, காயும் வரை காத்திருந்து பிறகுதான் எழுத ஆரம்பிப்பாராம். பேசுவதும் அச்சடித்த புத்தகத்தை வாசிப்பது போல முழு முழு வாக்கியமாக இருக்குமாம். இரவில் கண் விழித்து வேலை செய்வது அவர் வழக்கம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வேலையே அப்படிப்பட்டது. ஒரு குறி என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்; எழுதியதைப் படிக்கிறவர் ஊகிக்கும்படி எதையும் விடக் கூடாது. கரும்பலகை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர் கணிதத்தையும் அதே மாதிரி சுத்தமாக எழுத நினைத்தார். அதில் பிறந்ததுதான் லாம்டா.

லாம்டா என்றால் என்ன?

பத்தாம் வகுப்புக் கணக்கில் உறவுகளும் சார்புகளும் என்று முதல் பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சார்புதான் ஃபங்ஷன். ஒன்றை உள்ளே போட்டால் ஒன்று வெளியே வரும். எக்ஸ் கூட்டல் ஒன்று என்று எழுதுகிறோம். இது ஒரு எண்ணா, அல்லது எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்று கூட்டித் தருகிற விதியா? சும்மா எழுதினால் இரண்டு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் நாம் எஃப் என்று ஒரு பெயர் வைத்து, எஃப் ஆஃப் எக்ஸ் என்று எழுதுகிறோம்.

சர்ச் என்ன செய்தார் என்றால், பெயரே வேண்டாம் என்றார். முன்னால் லாம்டா என்ற கிரேக்க எழுத்தைப் போட்டு, பக்கத்தில் எக்ஸ் என்று எழுதி, அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை எழுதிவிட்டால் அதுவே ஃபங்ஷன். எக்ஸ் என்ற இடத்தில் எதைக் கொடுத்தாலும் அதை வாங்கி இந்த வேலையைச் செய் என்று பொருள். அம்புட்டுத்தான்! 1932இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் குறியீட்டைக் கொடுத்தார்.

ஏன் லாம்டா என்ற எழுத்து? இதற்கு இரண்டு கதை சொல்கிறார்கள். அதற்கு முன்பிருந்த ஒரு பெரிய கணிதப் புத்தகத்தில் எழுத்தின் தலைமேல் சின்னத் தொப்பி மாதிரி ஒரு குறி போடுவார்களாம். அந்தத் தொப்பி முன்னால் நகர்ந்து, அதே உருவத்தில் உள்ள பெரிய லாம்டாவாகி, பிறகு சின்ன லாம்டாவானது என்பது ஒரு கதை. ஏதோ ஒரு எழுத்து வேண்டும், அதற்கு லாம்டா அகப்பட்டது என்பது இன்னொரு கதை. இரண்டுமே அவர் சொன்னதாகத்தான் வழங்குகின்றன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எண்களை அவர் எழுதிய விதம். அவருடைய முறையில் இரண்டு என்பது, கொடுத்த வேலையை இரண்டு தடவை செய் என்ற ஃபங்ஷன். மூன்று என்றால் மூன்று தடவை செய். பூஜ்யம் என்றால் ஒன்றும் செய்யாதே. எங்கள் அப்பா பாஷையில் சொன்னால், மூன்று என்பது மூன்று நடை. இரண்டு நடையும் மூன்று நடையும் சேர்ந்தால் ஐந்து நடை. கூட்டலும் பெருக்கலும் இதில் எளிதாக வந்துவிட்டன. ஆனால் ஒன்றைக் கழிப்பது மட்டும் வரவில்லை. ஏற்றிய நடையை எப்படித் திரும்ப எடுப்பது? சர்ச்சே இது முடியாதோ என்று நினைத்த நேரத்தில், அவருடைய மாணவர் ஸ்டீபன் கிளீனி 1932 வாக்கில் பல் டாக்டரிடம் பல் பிடுங்க உட்கார்ந்திருந்தபோது அதற்கு வழி கண்டுபிடித்தாராம். பல் போனாலும் கணக்கு வந்தது!

விழுந்தது பெரிய அரியர்

இப்போது மேடம் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சர்ச்சின் ஆசை லாம்டா என்ற சின்னக் குறியோடு நிற்கவில்லை. கணிதம் முழுவதையுமே தாங்கி நிற்கும் அஸ்திவாரம் போட வேண்டும் என்றுதான் 1932, 1933 ஆண்டுகளில் இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதினார். லாம்டா அந்தப் பெரிய கட்டடத்தில் ஒரு செங்கல்தான்.

1935இல் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது. இடித்தவர்கள் யார் தெரியுமா? அவருடைய சொந்த மாணவர்களான கிளீனியும், பார்க்லி ராசரும். அந்த முறையைப் பின்பற்றினால் ஒன்றை உண்மை என்றும் நிரூபிக்கலாம், அதையே பொய் என்றும் நிரூபிக்கலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட முறையால் கணிதத்தில் ஒரு பயனும் கிடையாது. பல வருஷ உழைப்பு, அதுவும் தான் கற்றுக் கொடுத்த பிள்ளைகள் கையாலேயே போய்விட்டது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மாணவர்கள் மேல் கோபப்பட்டிருப்போம். அல்லது என்னைப் போல லோடு ஏற்றப் போயிருப்போம். சர்ச் இரண்டும் செய்யவில்லை. இடிந்த கட்டடத்தில் எந்தச் செங்கல் உடையாமல் இருக்கிறது என்று பார்த்தார். மற்ற விதிகளை எல்லாம் கழித்துவிட்டு லாம்டாவை மட்டும் தனியே எடுத்தார். அதில் முரண்பாடு வரவில்லை. தன் முறையை உடைத்த அதே ராசரோடு சேர்ந்து உட்கார்ந்து, லாம்டா கணக்கை எந்த வரிசையில் சுருக்கிக்கொண்டு போனாலும் முடிவான விடை என்று ஒன்று வந்தால் அது ஒரே விடையாகத்தான் இருக்கும் என்று 1936இல் நிரூபித்தார். இன்றைக்கும் அதற்குச் சர்ச்–ராசர் தேற்றம் என்றுதான் பெயர். தன்னை உடைத்தவரின் பெயரும் தன் பெயரும் ஒன்றாக நிற்கும்படி வாழ்ந்தவர் அவர்!

1936: உலகை மாற்றிய ஆண்டு

அக்காலத்தில் ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் ஒரு பெரிய கேள்வியை எழுப்பியிருந்தார். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிரூபிக்கக் கூடியதா இல்லையா என்று இயந்திரம் போலப் படிப்படியாகச் செய்து தீர்மானிக்க ஒரு பொது வழிமுறை உண்டா? அப்படி ஒன்று இருந்தால் கணித மேதைகளுக்கே வேலை இல்லை.

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், படிப்படியாகச் செய்யக் கூடியது என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும். கம்ப்யூட்டரே இல்லாத காலம் அது. சர்ச் துணிந்து சொன்னார்: லாம்டாவால் எழுதிக் கணக்கிட முடிவது எதுவோ, அதுதான் படிப்படியாகக் கணக்கிடக் கூடியது. அந்த வரையறையை வைத்து 1936இல் அப்படி ஒரு பொது வழிமுறை கிடையவே கிடையாது என்று நிரூபித்தார்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங் என்ற 23 வயது இளைஞர், சர்ச் செய்தது தெரியாமலே, முற்றிலும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஒரு நீண்ட நாடாவில் எழுதி அழிக்கிற கற்பனை இயந்திரம். சர்ச் முந்திக்கொண்டார் என்பதால் டூரிங்குக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் அவர் 1936 செப்டம்பரில் கப்பலேறி சர்ச்சிடமே மாணவராக வந்து சேர்ந்தார். 1938இல் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று சமம் என்றும் டூரிங் காட்டினார். தன் முறையைவிட டூரிங்கின் இயந்திரம் பார்த்தவுடன் மனதுக்குப் புரிகிறது என்று சர்ச் ஒப்புக்கொண்டார். நாம் பாடத்தில் படிக்கிற டூரிங் மெஷின் என்ற பெயரைச் சூட்டியதே 1937இல் சர்ச் எழுதிய மதிப்புரைதான்.

ஆலமரத்து விழுதுகள்

அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கிளீனி, ராசர், டூரிங் தவிர, மைக்கேல் ராபின், டானா ஸ்காட் என்ற இருவரும் அவருடைய மாணவர்களே. அவர்கள் 1976இல் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதைச் சேர்ந்து பெற்றார்கள். அந்த விருதின் பெயரே டூரிங் விருது! இன்னொரு மாணவர் ஜான் கெமனி. இவர் 1964இல் தாமஸ் கர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து பேசிக் மொழியை உருவாக்கினார். நம் ஊரில் முன்பு கம்ப்யூட்டர் சென்டர்களில் முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது அந்த பேசிக்தான்.

1936இல் குறியீட்டுத் தருக்கத்துக்கென்று தனி ஆய்விதழ் ஒன்று தொடங்கப்பட்டபோது சர்ச் அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். உலகில் அந்தத் துறையில் வெளியாகும் நூல்கள், கட்டுரைகள் பற்றிய மதிப்புரைப் பகுதியை 1979 வரை அவரே கவனித்துக்கொண்டார். 1940இல் லாம்டாவோடு டைப் என்ற கருத்தையும் சேர்த்தார். எந்த வகைப் பொருளை எந்த ஃபங்ஷனுக்குள் போடலாம் என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தினால் பழைய முரண்பாடு தலைகாட்டாது. பின்னால் வந்த எம்.எல்., ஹாஸ்கெல் போன்ற மொழிகளின் டைப் முறைக்கு இதுதான் வேர்.

காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு

சர்ச் லாம்டா எழுதியது கம்ப்யூட்டருக்காக அல்ல. பேனாவும் காகிதமும்தான் அவர் கருவி. அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர் ஜான் மெக்கார்த்தி. 1958இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கியபோது, பெயரில்லாத ஃபங்ஷனை எழுத லாம்டா என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். 1975இல் வந்த ஸ்கீம் என்ற மொழி இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஒரு லாம்டா எங்கே பிறந்ததோ அந்த இடத்தில் இருந்த மாறிகளை எங்கே போனாலும் மறக்காது. இதை குளோஷர் என்கிறோம்.

அதன் பிறகு ஒவ்வொரு மொழியாக லாம்டாவுக்குக் கதவைத் திறந்தது. பைத்தானில் 1994லேயே வந்துவிட்டது. சி ஷார்ப்பில் 2007, சி பிளஸ் பிளஸ்ஸில் 2011, ஜாவாவில் 2014. நாம் முதலில் படிக்கிற சி மொழியின் தரத்தில் லாம்டா இல்லை. பெயர் வைத்த ஃபங்ஷனின் முகவரியைத்தான் அனுப்ப வேண்டும். எக்செல்லில்கூட இப்போது லாம்டா என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.

கருத்து ஒன்றுதான் என்றாலும் மொழிக்கு மொழி நடை வேறு. செமஸ்டருக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பைத்தானில் லாம்டா என்ற சொல், எக்ஸ், முக்காற்புள்ளி, பிறகு ஒரே ஒரு கோவை. இஃப், ஃபார் வைத்து நாலு வரி எழுத அதில் இடமில்லை. ஜாவாவில் அந்தச் சொல்லே கிடையாது; எக்ஸ், அடுத்து ஒரு சிறு கோடும் பெரியது குறியும் சேர்ந்த அம்பு, அடுத்து வேலை. சி ஷார்ப்பிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் கோட்டுக்குப் பதில் சமக்குறி. சி பிளஸ் பிளஸ்ஸில் சதுர அடைப்புக்குறியோடு தொடங்க வேண்டும்.

அந்தச் சதுர அடைப்புக்குள்தான் சூட்சுமம். வெளியே இருக்கிற மாறியை நகல் எடுத்து வைத்துக்கொள்ளவா, அல்லது அந்த மாறியையே பார்த்துக்கொண்டிருக்கவா என்று சி பிளஸ் பிளஸ் நம்மைச் சொல்லச் சொல்கிறது. ஜாவா இன்னும் கண்டிப்பு: மதிப்பு மாறுகிற உள்ளூர் மாறியை லாம்டாவுக்குள் எடுக்கவே விடாது. பைத்தான் எதையும் கேட்காது, தடுக்கவும் செய்யாது. அதனால் ஒரு ஃபார் சுற்றுக்குள் மூன்று லாம்டா செய்து வைத்து, சுற்று முடிந்தபின் கூப்பிட்டால் மூன்றும் கடைசி மதிப்பையே சொல்லும். ஏனென்றால் அது பெட்டிக்குள் இருந்த பொருளை நினைவில் வைக்கவில்லை, பெட்டியை நினைவில் வைத்திருக்கிறது. இந்த இடத்தில் நானே இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தமிழிலும் நிரல் எழுதலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியில் ஃபங்ஷனுக்கு நிரல்பாகம் என்று பெயர். லாம்டாவை ஒரு வரியில் சொல்ல வேண்டுமானால் பெயரில்லா நிரல்பாகம் என்று சொல்லிவிடலாம்.

இறுதி நாட்கள்

1967இல் பிரின்ஸ்டனிலிருந்து விலகியபோது சர்ச்சுக்கு வயது 64. நம் ஊரில் என்றால் பேரன் பேத்தியோடு திண்ணையில் உட்காரும் வயது. அவரோ அமெரிக்காவின் அந்தக் கோடிக்கு, லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடி பாடம் நடத்த ஆரம்பித்தார். 1990 வரை நடத்தினார். அப்போது வயது 87!

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில், 92ஆம் வயதில் காலமானார். பிரின்ஸ்டனில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அதே 1995இல்தான் ஜாவா மொழி வெளியானது. அந்த ஜாவாவுக்குள் அவருடைய லாம்டா நுழைய இன்னும் 19 ஆண்டுகள் ஆயிற்று.

நான் கற்ற பாடம்

மேடம் கதையைச் சொல்லி முடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அரியரைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எதில் ஃபெயில் என்று கேட்டார். லாம்டா என்றேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டார். தேர்வு அறையில் சொல்ல வராதது அன்றைக்கு வீட்டு வாசலில் எனக்கு வந்தது.

லாரி வந்து நின்றதும் நாலு ஆள் வாங்கப்பா என்று கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்பதில்லை. மூட்டையைக் கொடுத்தால் ஏற்றி வைப்பார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு இடத்தில், ஒரு வேலைக்கு மட்டும், பெயரில்லாமல் வந்து போகிற ஆள்தான் லாம்டா என்றேன். அப்பா சிரித்துவிட்டார். கூப்பிடுகிறவனுக்குப் பெயர் தெரியாவிட்டால் என்ன, மூட்டை சரியாக ஏறியதா என்பதுதான் கணக்கு என்றார். அடுத்த நாள் தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாள் கூலியை நானும் அதோடு சேர்த்தேன்.

அடுத்த செமஸ்டரில் அந்தத் தாளை எழுதித் தேறிவிட்டேன். மார்க் பெரிசாக இல்லை, 58தான். ஆனால் இந்தத் தடவை ஒரு வரியைக்கூட மனப்பாடம் பண்ணவில்லை. பட்டியலை மாற்றிக் கொடுத்தால் வரியை நானே மாற்றுவேன். இப்போது எங்கள் வகுப்புப் பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தும்போதெல்லாம், என் பெயருக்கு முன்னால் நிற்கிற அந்த ஒரு எழுத்தைப் பார்க்கிறேன். வரிசைப்படுத்தத்தான் அதை வெட்டுகிறேன். அச்சடிக்கும்போது அது முன்னாலேயேதான் நிற்கும்.

நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர். ஒரு அரியர் விழுந்தால், இது நமக்கு வராது என்று நினைத்துவிடுகிறோம். ஒரு கண்ணை இழந்தவர், டிராம் மோதி விழுந்தவர், சொந்த மாணவர்கள் கையாலேயே தன் பெரிய உழைப்பு உடைந்ததைப் பார்த்தவர் அலோன்சோ சர்ச். உடைந்ததைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்கவில்லை. உடையாமல் மிஞ்சியது எது என்று தேடினார். அந்த மிஞ்சிய சின்னத் துண்டுதான் இன்றைக்கு நம் லேப் கம்ப்யூட்டரிலும், கையில் இருக்கிற செல்போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் யாரும் கூச்சப்பட வேண்டாம். லேபில் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். வந்து கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைச் சேர்ந்து பார்ப்போம். 

கப்பலூர் மாணவன்,
மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை